வேறு பாத்தி உப்பு

14-6-2005
செந்தமிழுக்குக் குடலில் டி.பி. என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நாலு மாதமாக வயிற்றுப்போக்கு, ரத்தம். பத்தொன்பது வயது மகள், முப்பத்தாறு கிலோ. "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துதுங்களா?" என்று டாக்டரம்மா என்னைப் பார்த்தே கேட்டார். இல்லை என்றேன். ஏன் என் முகத்தையே பார்க்கிறார்? ஆறு மாதம் மாத்திரையாம்.

2-8-2005
களத்தில் உப்பு வாருகிறார்கள். மத்தியானம் எனக்கு மோர்ச்சோறு. "இன்னா மொதலாளி, மீன் கொழம்பையே உட்டுட்டீங்க?" என்கிறான் மேஸ்திரி சுப்ராயன். சூடு என்றேன். என் தட்டில் இவனுக்கு என்ன வேலை?

20-12-2005
மாத்திரை முடிந்தது. ரத்தம் நிற்கவில்லை. இன்னும் இரண்டு கிலோ இறங்கிவிட்டாள்.

டி.பி.யாக இல்லாமல், குடல் தானாகவே புண்ணாகிற வியாதியாகவும் இருக்கலாம் என்கிறார் டாக்டரம்மா. "ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிங்க. மாத்தி மருந்து குடுத்தா உயிருக்கே ஆபத்து. சொந்த ரத்தத்துல யாருக்காவது இருந்தா எங்களுக்கு முடிவு பண்ணச் சுலபம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

மறுபடியும் இல்லை என்றேன்.

அதோடு ஒரு ஆராய்ச்சியாம். இந்த வியாதி வந்த வெள்ளைக்காரர்களிடம் ஜீனில் ஒரு மாற்றம் பார்த்திருக்கிறார்கள். நம் ஜனங்களிடம் தேடினால் அது இல்லையாம். நமக்கு வேறு எங்கேயோ இருக்கிறதாம். மகள், அம்மா, அப்பா மூவர் ரத்தமும் வேண்டும். என்ன ஜாதி, சொந்தத்தில் கட்டியதா, எல்லாம் ஃபாரத்தில் எழுதுகிறார்கள். செலவெல்லாம் அவர்களுடையது. அப்படியானால் இதில் எவனுக்கு லாபம்? செந்தமிழைக் கேட்டிருக்கிற கிளியனூர் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

5-1-2006
என் மனைவி தெய்வநாயகியும் மகளும் போன வாரமே ரத்தம் கொடுத்துவிட்டார்கள். இன்று என் பெயரைச் சொல்லி ரத்தம் கொடுத்துவிட்டு வரச் சுப்ராயனை அனுப்பினேன். ரத்தம் எடுக்கிற இடத்தில் என் முகம் தெரிந்தவர் இல்லை.

உப்பு வாங்கக் கம்பெனிக்காரன் வந்தால் எந்த அம்பாரத்தில் சாம்பிள் எடுப்பது என்று எனக்குத் தெரியாதா? காட்டுவது ஒரு பாத்தி உப்பு, லாரியில் ஏறுவது வேறு பாத்தி உப்பு. இதுவரை ஒருத்தனும் கண்டுபிடித்ததில்லை.

9-3-2006
டாக்டரம்மா தெய்வநாயகியை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். புருஷனுக்குத் தெரியாமல் அப்படி என்ன பேச்சு? வரும்போது பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

11-3-2006
கேட்டால் எழுந்து போய்விடுகிறாள். சோறும் பொங்கவில்லை.

12-3-2006
சொல்லிவிட்டாள்.

"பொண்ணு ரத்தத்துக்கும் அப்பா ரத்தத்துக்கும் ஒட்டலியாங்க. தத்து எடுத்தீங்களான்னு கேக்குறாங்க. எம்மூஞ்சப் பாத்துக் கேக்குறாங்க. நான் எங்க போயி உழறது?"

சுப்ராயனை அனுப்பியதைச் சொன்னேன். அவள் அழவில்லை, சிரித்தாள். அழுதிருந்தால் தேவலை.

"பெத்த பொண்ணுக்கே வேற பாத்தி உப்பக் காட்டுனியா? யோவ், உன் ரத்தத்துல அப்படி இன்னாதான்யா இருக்குது?"

என்ன இருக்குது – இந்த நோட்டில்கூட எழுதினதில்லை. பதினோரு வருஷமாக எனக்கும் ரத்தம் போகிறது. மூலம் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். சீக்காளி என்று தெரிந்தால் களத்துக் குத்தகையை எவனாவது தட்டிக்கொண்டு போவான் என்று மூடி வைத்தேன். ரெண்டு தரம் கேட்டாங்களே. ரெண்டு தரமும் இல்லன்னு சொன்னனே. ஆறு மாசம் அந்தப் புள்ள ஆகாத மாத்திரையத் தின்னுச்சே – அய்யோ, ஊரையெல்லாம் சந்தேகப்பட்டனே, என்னைப் படலியே.

16-3-2006
உண்மையைச் சொன்னேன். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. தெய்வநாயகி பக்கம் திரும்பி, "மன்னிச்சிடுங்கம்மா" என்றார். அதை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? எனக்கும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அதே புண். மகளுக்கும் இது டி.பி. இல்லை என்று முடிவு பண்ணி, குடல் புண்ணுக்கு மருந்து தொடங்கிவிட்டார்கள். இந்தத் தரம் ரத்தத்துக்கு என் கையையே நீட்டினேன்.

30-5-2006
செந்தமிழ் நாற்பத்தொரு கிலோ. ரத்தம் நின்று மூன்று வாரம்.

கிளியனூர்க்காரர்கள் வந்தார்கள். "மறைக்காதீங்கப்பா" என்று மகள் முதலிலேயே சொல்லியிருந்தாள். பேச்சு தொடங்குமுன் எங்கள் இருவர் மாத்திரையையும் அவர்கள் முன்னால் எடுத்து வைத்தேன். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்கள்.

காலை மாத்திரை போட்டாயிற்று என்று தெய்வநாயகியிடம் சொன்னேன். அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். தினமும் எண்ணுகிறாள்.

எண்ணட்டும்.