சந்தனம் பட்ட சக்கரம்

பிள்ளையின் அப்பாவுக்கு,

மகளின் ஐஸ் ஸ்கேட்டின் கத்தியைத் தீட்டும் மெஷினுக்குத் தொள்ளாயிரம் பவுண்ஸா என்று நான் கத்தினேன். "ஒரு கையால தூக்கலாம், எங்கயும் கொண்டு போகலாம்" என்றீர்கள்.

சரஸ்வதி பூசைக்கு அதற்கும் சந்தனம் வைத்தேன், தீட்டும் சக்கரத்திலேயே. அடுத்த நாள் அது ஓடவில்லை. குப்பையை வாங்கினீர்கள் என்று உங்களைத்தான் ஏசினேன். நீங்கள் அதை ஒரு கையால் தூக்கிக்கொண்டு லண்டன் எட்மண்டனிலுள்ள உங்கள் அண்ணர் வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

இன்று மகள் கூரான ஸ்கேட்டோடு அங்கிருந்து வந்தாள். "அப்பா சந்தனத்தைச் சுரண்டி எடுத்திட்டார். இப்ப நல்லா ஓடுது. அம்மாவிட்டச் சொல்லாத எண்டவர்."

மூன்று கிழமைக்குப் பிறகு இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மெஷினுக்கு ஒரு கை போதும். மற்றக் கையில் உங்கள் உடுப்புப் பையைக் கொண்டு வாருங்கள்.

பிள்ளையின் அம்மா