புளி போட்டுத் தேய்த்த பொற்காசு

மாராத்தாவுக்கு வேலன் எழுதுவது. நான் சுகம். உன் முட்டிவலியும் வாயும் எப்படி?

எஸ்டேட்டில் குழி தோண்டும்போது ரோமாபுரிப் பொற்காசு ஒன்று கிடைத்தது. உன் புருஷனல்லவா, புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துத்தான் மேனேஜரிடம் கொடுத்தேன். தராசில் ஏழேகால் கிராம் நின்றது.

"முன்னே கிடைச்ச காசு எட்டு கிராமாச்சே! சுரண்டிட்டயா? போலீசைக் கூப்பிடட்டா?" என்று குதித்தார் மேனேஜர்.

புளி தங்கத்தைத் தின்றுவிட்டதோ என்று ஓடிப்போய்ப் புளிச்சக்கையைப் பிழிந்து பார்த்தேன்.

மேனேஜர் சொல்லியனுப்பி மியூசியத்து அம்மாள் வந்து கணக்குப் போட்டார். "ரோமாபுரி ராத்தல் நம்ம கிராம்ல முந்நூத்தி இருபத்தேழுங்க. முதல்ல ஒரு ராத்தல் தங்கத்துல நாப்பது காசு அடிச்சாங்க, ஒண்ணு எட்டு கிராம். பின்னால வந்த ராஜா அதே தங்கத்துல நாப்பத்தஞ்சு அடிச்சான், ஒண்ணு ஏழேகாலாச்சு. இது அவன் காசு. எடை சரிங்க."

காசை இளைக்க வைத்தது அந்த ராஜா. என்னை இளைக்க வைப்பது என் சமையல். குளிருக்குக் கம்பளியும் இளைத்தவனுக்கு எள்ளுப்பொடியும் கொடுத்தனுப்பு. நீயே கொண்டுவந்தாலும் சரி, திட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறேன். தபால்காரர் அவசரப்படுத்துகிறார்.