அம்மா ஓட்டின மைலேஜ்

பாப்பா,

கார் சாவி ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோ.

"இவ்வளவு பெரிய ஹைப்ரிட் வண்டிய வாசல்ல நிறுத்திட்டு எதுக்குப்பா பஸ்ல போறீங்க?"ன்னு நேத்து கத்தினே. அதுக்குப் பதில் இதுதான்.

டிரிப் மீட்டர்ல இருக்கிற சராசரி மைலேஜ்ல அம்மா ஓட்டினதும் சேர்ந்திருக்கு. அவ இருந்தப்போ லிட்டருக்கு இருபத்திரண்டு. பிரேக்குக்கு வலிக்காம மிதிப்பா. அவ தவறினப்புறம் நான் ஓட்ட ஓட்ட அது இறங்கிக்கிட்டே வந்துச்சு. பத்தொன்பதுல ஓட்டுறத நிறுத்தி சாவிய வச்சிட்டேன்.

இன்னிக்கு சர்வீசுக்கு நீ எடுத்துட்டுப் போ. அந்த மீட்டரை மட்டும் ஜீரோவாக்க வேண்டாம்னு மெக்கானிக்கிட்ட சொல்லிடு.

அப்பா

பி.கு.: சிக்னல் தூரத்துல தெரியும்போதே ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துடு. நீ அவகிட்ட ஓட்டக் கத்துக்கிட்டவதானே. கொஞ்சம் ஏறினாலும் ஏறும்.