கழுத்தில் ஒரு சுற்று

ஜூன் 10, செவ்வாய்

அரை நாள் லீவு கேட்டதற்கு மேனேஜர் ஏற இறங்கப் பார்த்தார். துணிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவளுக்கு உடம்புக்கு எதுவும் வரக்கூடாது. ஸ்கேன் என்று சொல்லவில்லை. பல்வலி என்றேன்.

நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றுக்குப் போகாமல் வரச் சொல்லியிருந்தார்கள். போனால் பெஞ்சு முழுக்க ஆட்கள், எல்லார் முகத்திலும் ஒரே அவஸ்தை. அடக்கி அடக்கி அடிவயிறு கல்லாகிவிட்டது. கடைசியில் உள்ளே கூப்பிட்டு வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, கரு ரொம்பச் சின்னது, சரியாகத் தெரியவில்லை, பாத்ரூம் போய்விட்டு வாங்க, உள்பக்கமாக வைத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டரம்மா. அதற்கா இவ்வளவு நேரம் உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்?

உள்ளே வைத்துப் பார்ப்பார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வலிக்கவில்லை. கூச்சம்தான். சுவரில் இருந்த பல்லியையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிறகு திரையைத் திருப்பி ஒரு புள்ளியைக் காட்டினார். உளுந்து அளவு. அதற்குள் ஏதோ துடித்தது. "இதயத் துடிப்பு வந்துருச்சும்மா" என்றார். கல்யாணமாகி நாலு வருஷம் நான் பதில் சொல்லி அலுத்துப்போன கேள்விக்கு, இனி அதுவே பதில் சொல்லிக்கொள்ளும்.

எழிலுக்குப் போன் போட்டேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மிஷின் சத்தத்துக்குள் வீட்டுக்காரரிடம் நல்ல சேதி சொல்வது லேசில்லை. "என்னது, உளுந்தா? வீட்டுல இல்லையா?" என்றார்.

ஜூலை 15, செவ்வாய்

இரண்டாவது ஸ்கேன். எழிலுக்கு லீவு இல்லை, தம்பி வந்தான். திருப்பதி என்று பெயர், வீடுகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவன், எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் சுவிட்ச் போர்டைத்தான் பார்ப்பான். ஸ்கேன் சென்டரில் எர்த் சரியாகக் கொடுத்திருக்கிறார்களா என்று கவலைப்பட்டான். ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம், கேட்பதும் குற்றம் என்று சுவரில் எழுதியிருந்ததை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தான்.

இந்த ஸ்கேனில் பிள்ளையின் பிடரியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று அளப்பார்களாம். கூடுதலாக இருந்தால் மேற்கொண்டு டெஸ்ட். எனக்குச் சரியாக இருக்கிறது.

தம்பியை உள்ளே விட்டார்கள். பிள்ளை கையைத் தூக்கி ஆட்டியது. "அக்கா, எனக்கு டாட்டா காட்டுது" என்றான். தாய்மாமன் ஆகிவிட்ட தோரணை அப்போதே வந்துவிட்டது.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஐந்தாம் மாச ஸ்கேன். இதுதான் பெரியது. தலை, முதுகெலும்பு, இதயத்தின் நாலு அறை, கிட்னி, கை கால் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். உள்ளே இருப்பது அதற்கெல்லாம் மசியவில்லை. குப்புறப் படுத்துக்கொண்டு முதுகை மட்டும் காட்டியது. வெளியே போய் ஏதாவது சாப்பிட்டு நடந்துவிட்டு வாங்க, திரும்பும் என்றார்கள். தம்பி கடலைமிட்டாய் வாங்கித் தந்தான். தின்றுகொண்டே வெயிலில் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தேன். உன் அப்பன் மாதிரியே பிடிவாதம் என்று திட்டினேன்.

திரும்பியது. ஆனால் டாக்டரம்மா வெகுநேரம் வாயே திறக்கவில்லை. என்னமோ இருக்கு, அதான் பேச மாட்டேங்குறாங்க — குலசாமியைக் கூப்பிட்டேன். கடைசியில் "எல்லாம் நல்லாருக்கு. அளக்கும்போது பேச மாட்டேன்மா, தப்பாயிரும்" என்றார். இதை வாசலில் எழுதி ஒட்டினால் எத்தனை பேருக்கு உயிர் மிஞ்சும்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக் கூட்டம். உட்கார விடவில்லை. இந்தக் கால்கள் யாருடையவோ.

நவம்பர் 28, வெள்ளி

எட்டாம் மாச ஸ்கேன், வளர்ச்சி பார்க்க. தம்பிதான் கூட்டிப்போனான். எடை சரி. தண்ணீர் சரி. தலை கீழே வந்துவிட்டது. எழுந்திருக்கப் போனபோது டாக்டரம்மா ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "கழுத்துல கொடி ஒரு சுத்து சுத்தியிருக்கு."

தம்பியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். நாலைந்து பிள்ளையில் ஒன்றுக்கு இப்படி இருக்கும். பிள்ளை உள்ளே மூக்கால் மூச்சு விடுவதில்லை, கொடி வழியாகத்தான் எல்லாம் போகிறது, அதனால் கழுத்தை நெரிக்காது. தானாகவே கழன்றும் போகலாம். இதற்காக ஆபரேஷன் தேவையில்லை. அசைவை மட்டும் கவனிக்க வேண்டும், குறைந்தால் உடனே வந்துவிட வேண்டும்.

எங்கள் பயம் அது இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

கொடி சுற்றிப் பிறந்தால் எங்கள் பக்கத்தில் மாலை போட்டுப் பிறந்தது என்பார்கள். அந்தப் பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது. மாமன் நேரே முகம் பார்க்கக் கூடாது, கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி அதில் விழும் முகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் அப்படிப் பிறந்தவள். அம்மாவின் அண்ணன் குழந்தைசாமி மாமா இதையெல்லாம் சட்டை செய்யாமல் என்னை அள்ளித் தூக்கினாராம். எனக்கு மூன்று வயதில் கீரனூர் போகிற வழியில் லாரி அடித்துச் செத்துப்போனார். அவர் பெண்டாட்டி செங்கமலம் அத்தை இன்றைக்கும் விசேஷ வீட்டில் என்னைக் கண்டால் எழுந்து வேறு பக்கம் போய்விடும். அந்த வீட்டில் என் பெயர் அமிர்தவல்லி இல்லை. மாலைக்காரி.

பஸ்ஸில் தம்பி ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "அம்மாட்ட சொல்லிறாத."

நவம்பர் 30, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அம்மா போனில் ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்று துருவித் துருவிக் கேட்டாள். நாள் முழுக்க சேலை மடித்துவிட்டு வந்தவளுக்குப் பொய் ஜோடிக்கத் தெம்பு இல்லை. கொடி என்று சொன்னதும் போனை வைத்துவிட்டாள்.

டிசம்பர் 3, புதன்

தம்பி ஏணியிலிருந்து விழுந்துவிட்டான். இடது கை மணிக்கட்டு உடைந்திருக்கிறது. ஏணிக்குக் கீழே தரை ஈரம் — அதுதான் காரணம். அதுதான். அதுதானே?

டிசம்பர் 7, ஞாயிறு

தம்பியைப் பார்க்கக் குன்றாண்டார்கோவில் பக்கம் எங்கள் ஊருக்குப் போனேன். அம்மா வாசலுக்கு வந்து நின்றாள். வா என்று சொன்னாள், ஆனால் வழி விடவில்லை. அவன் தூங்குகிறான் என்றாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

பிரசவத்துக்கு இங்கே வர வேண்டாம் என்றாள். தலைப்பிரசவம். எந்த ஊரிலாவது ஒரு தாய் தலைப்பிரசவத்துக்கு வராதே என்பாளா?

"டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாங்கம்மா" என்றேன்.

"எங்க அண்ணன வாரிக் குடுத்தது டாக்டரு இல்ல, நானு. ஒங்கப்பாவும் போயிட்டாரு. எனக்கு இருக்கது ஒத்தப் புள்ள."

ஒத்தப் புள்ள. அப்ப நான் யாரு? வயித்த தள்ளிக்கிட்டு ரெண்டு பஸ்ஸு மாறி வந்து நிக்கிறேனே, நான் யாரு? கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும்.

தண்ணீர் கூடக் குடிக்காமல் திரும்பினேன். இது இன்னும் வெளியே கூட வரவில்லை. அதற்குள் அதற்கும் பெயர் வைத்தாயிற்று.

டிசம்பர் 9, செவ்வாய்

வேலையை விட்டுவிட்டேன். மேனேஜர் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

தம்பி கட்டுப் போட்ட கையோடு பஸ் ஏறி வந்துவிட்டான். அம்மாவிடம் ஹார்டுவேர் கடைக்குப் போவதாகச் சொன்னானாம். ஒற்றைக் கையால் எனக்கு ஃபேன் ரெகுலேட்டர் மாற்றிக் கொடுத்தான்.

அவனுக்கும் உள்ளுக்குள் பயம் இருக்கிறதோ என்று கேட்டேன். யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னான். "இல்லாம இருக்குமாக்கா? ஆனா நான்தான் மூணு தடவ ஸ்கேன் டிவில பாத்துட்டேனே. இனிமே எண்ணெயில பாத்து என்ன ஆகப் போவுது?" சிரித்தோம். எனக்கு இடுப்பு வலிக்கிற அளவுக்கு.

பிறகு, போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, அம்மா அழாமல் இருப்பதற்காக வேண்டுமானால் எண்ணெயிலும் பார்த்துவிடுகிறேன் என்றான்.

அவனுக்கு அது ஒரு நிமிஷ வேலை. பிள்ளைக்கு ஆயுசுக்கும் அல்லவா? கிண்ணத்தை எடுத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து ஊர்வரைக்கும் தெரிந்துவிடும். அப்புறம் அவனுக்குத் தலைவலி வந்தால்கூட இதுதான் காரணம். எனக்குத் தெரியும். நான் இருபத்தாறு வருஷமாக மாலைக்காரி.

ஜனவரி 2, வெள்ளி

கடைசி ஸ்கேன். எழில் பொங்கலுக்கு முன்பே லீவு போட்டு வந்துவிட்டார், முதல் தடவையாகத் திரையைப் பார்த்தார். உளுந்து எங்கே என்று தேடினார். இப்போது முழுப் பிள்ளையும் ஒரே திரையில் அடங்கவில்லை, கன்னம் மட்டும் தெரிந்தது.

கொடி இருக்கிறதா என்று கேட்டேன். தலை நன்றாகக் கீழே இறங்கிவிட்டது, இந்தத் தடவை தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. கழன்றுவிட்டதா? "கழண்டிருக்கலாம், மறைஞ்சும் இருக்கலாம். ரெண்டும் ஒண்ணுதாம்மா."

அவருக்கு ஒன்றுதான்.

அம்மாவிடம் சேதி சொல்ல வேண்டாம் என்றேன். எழில் கேட்கவில்லை, கொடி தெரியவில்லையாம் என்று போனில் சொல்லிவிட்டார். அவள் 'ம்' என்றாளாம்.

ஜனவரி 13, செவ்வாய்

அம்மா வந்துவிட்டாள். கையில் வயர்க்கூடை. பச்சரிசி, வெல்லம், கிழித்துத் துவைத்த பழைய வேட்டித் துணி. அடியில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணமும் நல்லெண்ணெய்ப் பாட்டிலும். கண்ணில் படாதது போல இருந்துகொண்டேன். சண்டை போட உடம்பில் எதுவும் பாக்கியில்லை.

ஜனவரி 21, புதன்

பெண்.

திங்கள் மதியம் பிறந்தாள். ஆபரேஷன் இல்லை. பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணைக்கு இருக்கலாம் என்று அம்மாவை விட்டார்கள். என் தலைமாட்டில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், வளையல் அழுந்திய தடம் இன்னும் இருக்கிறது. தலை வெளியே வந்ததும் நர்ஸ், "ஒரு சுத்து இருக்கு, முக்காதம்மா, பொறு" என்றார். விரலை விட்டுக் கொடியைத் தலைக்கு மேலாகக் கழற்றினார். செயின் கழற்றுகிற நேரம்தான். பிறகு அழுகைச் சத்தம். நான் பிள்ளையைப் பார்க்கவில்லை. அம்மா முகத்தைத்தான் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் தம்பி வந்தான். வார்டு வாசலிலேயே கண்ணை இறுக மூடிக்கொண்டு, கட்டுப் பிரித்து மெலிந்துபோன கையால் சுவரைத் தடவித் தடவி வந்தான். அடுத்த கட்டில்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். "அம்மா, கிண்ணம் எங்க?" என்றான். கூடை அம்மாவின் காலடியில்தான் இருந்தது. பிள்ளையை என் பக்கமாக இழுத்துக்கொண்டேன்.

அம்மா குனியவில்லை.

"எதுக்குடா கண்ண மூடிக்கிட்டு நிக்கிற? கொடியும் சுத்தல, ஒரு மண்ணும் சுத்தல. வந்து புள்ளையப் பாரு."

எல்லார் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னாள். புள்ளை என்றுதான் சொன்னாள். என் கையிலிருந்து வாங்கி அவன் மடியில் வைத்தவளும் அவள்தான். அவன் பிள்ளையைப் பார்த்து டாட்டா காட்டினான்.

அவன் டீ வாங்கப் போனதும் மெல்லக் கேட்டேன். "நர்ஸ் சொன்னது ஒனக்குக் கேட்டுச்சுல்லம்மா?"

"கேட்டுச்சு."

"அப்புறம்?"

கொஞ்ச நேரம் துணியை மடித்தாள். "ஒருத்தி பட்டது பத்தாதா?"

கூடையிலிருந்து கிண்ணத்தை எடுத்து எண்ணெயை ஊற்றினாள். கட்டிலில் என் கால்மாட்டில் உட்கார்ந்து சேலையை முழங்கால்வரை ஏற்றிவிட்டு, வீங்கிக் கிடந்த கெண்டைக்காலில் சூடு பறக்கத் தேய்த்தாள். இடது காலில் இன்னும் கொஞ்சம் தேய்க்கச் சொன்னேன்.