மஞ்சள் சிவக்காத கிளை

மேலே குடிபோய்விட்ட, பெங்களூர் லிங்கராஜபுரத்து முன்னாள் பிரஜையின் கனிவான கவனத்துக்கு: இன்று காலை எங்கள் வீட்டு மஞ்சள்தூள் டப்பா மர்மமான முறையில் காலியானது. அம்மா விசாரணைக் கமிஷன் அமைத்திருக்கிறாள். குற்றவாளியின் விரல்களில் இன்னும் அந்த வாசனை போகவில்லை. அதை முகர்ந்துகொண்டேதான் உனக்கு எழுதுகிறேன்டா.

முதல் டப்பாவை நாம் காலி செய்தது நினைவிருக்கிறதா? நம் தெருவுக்குப் பின்னால் ஓடும் ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்ச் சாக்கடையில் எந்தக் கிளை எங்கிருந்து வந்து சேர்கிறது என்று கண்டுபிடிக்கக் கிளம்பினோம். பெயரில்தான் ராஜா, கால் வைக்க முடியாது. மேலே, துணி துவைக்கும் இடத்துக் கிளையில் நீ மஞ்சளைக் கரைத்தாய். நான் கீழே பாலத்தில் காத்திருந்தேன். வந்ததோ சிவப்பு. சோப்புத் தண்ணீரில் மஞ்சள் சிவக்கும் என்று நமக்கு யார் சொன்னார்கள்? யாரையோ வெட்டிவிட்டார்கள் என்று பாலத்தில் கூட்டம் கூடிவிட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஓடி வந்த நீ சிரிக்கவில்லை, யோசித்தாய். "டேய், அப்போ நல்ல தண்ணின்னா மஞ்சளாவே வரும்ல?"

அடுக்குமாடிகளின் பின்னாலிருந்து வரும் இரண்டாவது கிளையும் கலங்கிச் சிவந்தது. ரயில் பாதைக்குக் கீழே, கல் மதகு வழியாக வரும் மூன்றாவது மட்டும் நிறம் மாறவில்லை. குப்பைக்கு அடியில் ஒரு ஊற்று! மதகுக்குள் குனிந்து போய் அதைத் தொட்டவன் நீ. "எங்க தாத்தா கோலார்ல தங்கத்துக்காக எவ்ளோ ஆழம் போனவரு. எனக்கு இது எம்மாத்திரம்?" என்றாய்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அந்தக் காய்ச்சலைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. போன வாரம் மூன்றாவது கிளையை மண் கொட்டி மூட ஆட்கள் வந்தார்கள். மூடினால் மழைத் தண்ணீர் திரும்பி, பள்ளத்தில் இருக்கும் உங்கள் வீட்டுக்குள்தான் நுழையும். உன் அம்மா அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றி வைத்துவிட்டு, "நாங்க எங்கடா போவோம்?" என்று மட்டும் என்னைக் கேட்டார். ஆட்களோடு வந்த அதிகாரியோ அது வெறும் காய்ந்த பள்ளம், அதில் தண்ணீரே வராது என்று கன்னடத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இன்று ஜேசிபியோடு வந்துவிட்ட அவரைக் கெஞ்சிக் கூத்தாடிப் பாலத்தில் நிறுத்தினேன். தனி ஒருவனாக மதகுக்குள் புகுந்து, எலிப்படையை முறியடித்து, ஊற்றில் மஞ்சளைக் கரைத்துவிட்டுப் பாலத்துக்கு ஓடி வந்தேன். சற்று நேரத்தில் மூன்றாவது கிளையின் வாயில், குப்பைக்கு அடியிலிருந்து பளிச்சென்று மஞ்சள் இறங்கியது. அதிகாரி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஜேசிபியைத் திருப்பச் சொன்னார். முதலில் குப்பையை அள்ளுவார்களாம், அப்புறம் வந்து அளப்பார்களாம். உன் அம்மா அரிசி மூட்டையைக் கீழே இறக்கிவிட்டார்.

சரி, உனக்குத் தெரியாததா. மதகுக்குள் போனது நான் இல்லை, உன் தங்கை. நான் வெளியே நின்று டார்ச் பிடித்தேன், அன்று உனக்காகப் பிடித்த மாதிரியே. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது: "ஆட்டாம புடிண்ணா."

எலிக்குப் பயந்துதான் கை ஆடியது என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.