திறப்பு விழாவுக்குக் காத்திருக்கும் பாலம்

அன்புள்ள அண்ணா,

நீங்கள் ஓயாமல் மனு எழுதிக் கேட்ட பாலத்தைக் கட்டி முடித்துவிட்டார்கள். உடனே சந்தோஷப்படாதீர்கள், இன்னும் யாரும் அதில் போகவில்லை.

முடிச்சூரில் நம் வீட்டுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே அடையாறு என்ற பெயரில் ஓடுகிற சாக்கடைக்கு இத்தனை காலமும் வாய்த்தது அந்தத் தரைப்பாலம்தான். மழை பெய்தால் மூழ்கும். வடிந்ததும் கைப்பிடிக்குப் பெயின்ட் அடித்து, அதற்கு ஒரு கல்வெட்டும் வைப்பார்கள். பாலத்தைவிடக் கல்வெட்டுகள்தான் உறுதியாக நிற்கின்றன. வெளியூர்க்காரன் அவற்றை வரிசையாகப் படித்தால் இங்கே ஏதோ பெரிய நன்மை நடந்துவிட்டதாக நினைத்துக்கொள்வான்.

இப்போது அதன் பக்கத்திலேயே உயரமாகப் புதுப் பாலம் நிற்கிறது. விளக்குகூடப் போட்டாயிற்று. ஆனால் இரண்டு முனையிலும் டிரம்களை வைத்து அடைத்திருக்கிறார்கள். ஏனென்றால் திறந்துவைக்க வேண்டிய பெரிய மனிதர் இன்னும் தேதி கொடுக்கவில்லை!

சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டேன். "வண்டி வுட்டா டயர் மார்க் வுழும் சார். அவங்க வரசொல்ல பாலம் புச்சா இருக்கணும்னு ஆர்டர்" என்றார்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. நீங்கள் கண்மூடிய பிறகு குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வரவேற்பு பேனரில் கைகூப்பிப் பல்லிளித்துக்கொண்டு நானும் நிற்கிறேன். இன்று பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது, அடிக்கக் கொடுத்த அன்று பெருமையாகத்தான் இருந்தது. இந்தக் கூட்டத்தோடு நீங்கள் எப்படி அண்ணா இத்தனை வருஷம் பொறுமையாகப் பேசினீர்கள்?

அண்ணிக்கு வாரத்தில் மூன்று நாள் தாம்பரத்தில் டயாலிசிஸ். முந்தாநாளிலிருந்து விடாத மழை. இன்று காலை தரைப்பாலத்தின் நடுவில் ஆட்டோ நின்றுவிட்டது, உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது. நானும் டிரைவர் பாபுவும் இறங்கித் தள்ளினோம்.

"இன்னா சார் இது, பாலம் தலைக்கு மேல கீது, நாம தண்ணில தள்ளிகினு கீறோம்!"

அண்ணி செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கரையேறிய பிறகுதான் கேட்டார்: "ஏன் தம்பி, அவங்க வந்து திறக்கிற வரைக்கும் நான் தாங்குவேனா?"

அந்த டிரம்களை நகர்த்த இரண்டு பேர் போதும். நான் ஏன் நகர்த்தவில்லை தெரியுமா? விழா மேடையில் எனக்கு ஒரு நாற்காலி போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான் அண்ணா. ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்காக உங்கள் மனைவியைத் தண்ணீருக்குள் கொண்டு போனேன். அவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நாளை மறுநாள் மறுபடி டயாலிசிஸ். பாபுவிடம் சொல்லிவிட்டேன். நாங்கள் இருவரும் டிரம்களைத் தள்ளிவிட்டு அண்ணியைப் புதுப் பாலத்தின் வழியாகக் கூட்டிப் போவோம். கேஸ் போட்டால் போடட்டும். அதற்குள் மழை விட்டுவிட்டாலும் அந்த வழியாகத்தான் போவோம், இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்கள் தம்பி என்று சொல்லிக்கொள்ள இன்னும் ஆசைப்படும்,
ஜெயக்குமார்