ஒன்பது எழுத்துக் காகிதம்

கண்ணு, அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, நீயும் மாப்பிள்ளையும் அங்கே நல்லபடியாக இருந்தால் அதுவே எனக்குப் போதும். மூட்டு வலி போகவும் மாட்டேன் என்கிறது, கொல்லவும் மாட்டேன் என்கிறது, அதை விடு. உன் தம்பியைப் பகல் வேலைக்கு மாற்றிவிட்டார்கள், அதனால் பகல் முழுக்க வீட்டில் நான் மட்டும்தான். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அப்பா போன மறுவாரம், அவர் உனக்கு எழுதி வைத்தது என்று ஒரு காகிதத்தைப் போனில் படித்துக் காட்டினேன் இல்லையா. நீ சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டதை மன்னித்துவிட்டேன், நாலு வருஷம் பேசாமல் இருந்தது என் தப்பு என்று அவர் எழுதியிருந்ததைக் கேட்டதும் நீ அப்படி அழுதாய். அப்பா மருந்துக் கடையில் முப்பது வருஷம் டாக்டர் கிறுக்கலைப் படித்தவர். முதல் எழுத்தையும் சீட்டு நீட்டுற ஆளோட மூஞ்சியையும் பாத்தா மிச்சம் தானா வந்துடும்டி என்பார். வாதத்தில் பேச்சும் வலது கையும் விழுந்த பிறகு இடது கையால் அவர் கிறுக்கியதை நானும் அப்படித்தான் படித்தேன். எழுத்து முன்னே பின்னே மாறிக் கிடக்கும், பாதி இருக்கவே இருக்காது, ஆனாலும் வெந்நீர் கேட்கிறாரா ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாரா என்று ஒரு நாளும் தப்பியதில்லை.

திங்கட்கிழமை மாடி வீட்டு நர்ஸ், நம் ஊசியக்கா, பிரஷர் பார்க்க வந்தாள். பெருமையாக அந்தக் காகிதத்தைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏன்டி, இதுல மொத்தமே ஒம்பது எழுத்துதான இருக்கு என்றாள். பழகின எழுத்துன்னா விட்டுப்போனதை மூளையே போட்டுக்கும், அதுக்காக ஒரு பக்கத்தையேவா, உன் மூளையை ஆபீஸ்ல வேலைக்கு வைக்கலாம் போ என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அவள் போனதும் வெயிலில் பிடித்து விரல் வைத்து எண்ணினேன். ஒன்பதுதான். மன்னித்தேன் என்று நான் படித்த இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை, வெறும் வெள்ளை. விரலை எடுத்தேன், முழுப் பக்கமும் அவர் குரலில் ஓடியது, நடுவில் அந்தச் செருமலோடு.

நான் பொய் சொல்லவில்லை கண்ணு, படித்ததைத்தான் சொன்னேன். அவர் எழுதினாரா, என் மனசு எழுதிக்கொண்டதா, எனக்கே தெரியவில்லை. தெரியாமல் உன்னை நம்ப வைத்திருப்பது பாவம். காகிதத்தை இதோடு அனுப்புகிறேன், நீயே பார். உனக்கும் ஒன்பது எழுத்துதான் தெரிந்தால் கோபத்தை என்மேல் வை, அவரை விட்டுவிடு. ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காகிதத்தில் நான் படிப்பது நாளுக்கு நாள் வளர்கிறது. புதன்கிழமை படித்தபோது சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றதா என்று கேட்டிருந்தது. குழாய் கெட்டதே அவர் போன பிறகு. சரி, எனக்குத் தெரிந்ததைத்தானே என் மனசு போட்டுக்கொள்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். இன்று உறையில் போடும் முன் கடைசியாக ஒரு முறை படித்தேன். பாப்பாகிட்ட சொல்லு, இடது மணிக்கட்டுல சுட்டுக்கிட்ட கொப்புளத்தை உடைக்க வேணாம், காத்தாட விடட்டும் என்று இருந்தது.

நீ என்னிடம் அப்படி எதுவும் சொல்லவில்லையே.

நீங்கள் இரண்டு பேரும் நூறு வருஷம் குறைவில்லாமல் வாழ வேண்டும். பதில் போட மறக்காதே, நீளமாக எழுத வேண்டாம், கையைச் சுட்டுக்கொண்டாயா இல்லையா என்று மட்டும் எழுது.

உன் அம்மா